ராக்கெட் எது, சாட்டை எது

“மருந்து தின்ன நெஞ்சுல மூச்சு நிக்காது தாயி. நீ ஜால்ராவ வச்சுக்க.”

எட்டாம் வகுப்பில் பள்ளி பேண்டுக்கு ஆள் எடுத்தபோது பேண்டு மாஸ்டர் என்னிடம் சொன்னது இது. கோபமாகச் சொல்லவில்லை. மைதானத்தில் எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருத்தியிடமும் அப்பா என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் “ஆபீஸ்ல சார்” என்றேன். எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். தீப்பெட்டி செய்தால் தீப்பெட்டி ஆபீஸ், வெடி செய்தால் ஃபயர் ஆபீஸ், அதாவது பயராபீஸ். என் அப்பாவும் அம்மாவும் காலையில் தூக்குவாளியோடு ஆபீசுக்குத்தான் கிளம்புவார்கள். மாஸ்டர் சிரித்தார். “எந்த ஆபீஸு? ஃபேனுக்குக் கீழ உக்காந்து கையெழுத்துப் போடுற ஆபீஸா, பயராபீஸா?” வரிசை முழுக்கச் சிரித்தது. பயராபீஸ் என்று நான் சொன்னதும்தான் நெஞ்சையும் மூச்சையும் பற்றிய அந்தத் தீர்ப்பு வந்தது.

மருந்து என்றால் இங்கே வெடிமருந்து. அதை நான் தின்றதில்லை. பயராபீஸ் கேட்டைக்கூட நான் தாண்டியதில்லை. என்னைத் தாண்டவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவர்கள் இரண்டு பேரும் தாண்டிக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் அன்றைக்கு அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. ஜால்ராவை வாங்கிக்கொண்டேன்.

கிளாரினெட் என் கைக்கு வந்தது அடுத்த வருடம். அதை ஊதிக்கொண்டிருந்தவள் ஓர் அச்சக முதலாளியின் மகள். அவளுக்குப் பல்லைச் சீராக்கக் கம்பி போட்டார்கள். கம்பியோடு ஊதினால் உதடு கிழிகிறது என்று அழுதாள். சுதந்திர தினம் நெருங்கிக்கொண்டிருந்தது, வேறு ஆள் இல்லை. மாஸ்டர் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அந்தப் பள்ளியின் கிளாரினெட் நான்தான். அவர் பழைய பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆனால் நீண்ட அடியை ஒரே மூச்சில் ஊதி முடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. கூச்சப்பட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் வீட்டில் யாராவது எப்போதோ படித்திருப்பார்கள். இப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள்களை கம்ப்யூட்டரில் வடிவமைக்கிறேன். முதல் சம்பளங்களைச் சேர்த்து, சாத்தூரில் சாக்ஸபோனுக்கு மாறிவிட்ட ஒரு பேண்டுக்காரரிடமிருந்து பழைய கிளாரினெட் ஒன்றை வாங்கினேன். ஆனைக்குட்டம் பக்கம் எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் அணைக் கரைக்குப் போய் ஊதுவேன். வீட்டில் ஊதினால் பக்கத்து வீட்டுச் சித்தி, “யாருக்குக் கல்யாணம்?” என்று சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கேட்பாள்.

இந்த வருடம் ஒரு திங்கட்கிழமை பள்ளித் தலைமையாசிரியை போன் செய்தார். மாஸ்டர் ஓய்வு பெறுகிறார். பெண்கள் பள்ளி என்பதால் இனி ஒரு பெண்ணையே பேண்டுக்குப் போடலாம் என்று நிர்வாகம் நினைக்கிறது. உன் நினைவு வந்தது, அடுத்த திங்கட்கிழமை வந்து மூன்று உருப்படி ஊதிக் காட்டு என்றார். கொடியேற்றத்துக்கான மார்ச் ஒன்று, காலைப் பிரார்த்தனை ஒன்று, எனக்குப் பிடித்தது ஒன்று. “சாரும் கூட இருந்து கேப்பார்” என்றார்.

சாரும் கூட இருந்து கேட்பார். அந்த வேலை எனக்கு வேண்டும் என்பது அதற்கு முந்தைய நிமிடம்வரை எனக்கே தெரியாது.

அன்று மாலை கிளாரினெட்டை எடுத்தபோது, சாத்தூர்க்காரர் அதோடு சேர்த்துக் கொடுத்த மவுத்பீசின் முனை உடைந்திருந்தது. மவுத்பீஸ் என்பது வாயில் வைத்து ஊதும் கருப்புத் துண்டு. நாணல் சீவலான ரீடை அதன் மீது வைத்துக் கட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாகத்தான் மூச்சு உள்ளே போகும். முனையில் சின்னக் கீறல் விழுந்தாலும் சுரம் வழுக்கிக் கீச்சென்று கத்தும். எனக்கு ஒவ்வொரு மேல் சுரத்துக்கும் கத்தியது.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். வாத்தியக் கடைக்காரர் ஒரு தகர டப்பாவிலிருந்து நான்கு மவுத்பீஸ்களை எடுத்து மேசையில் வைத்தார். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே கருப்பு, ஒரே விலை. தனித்தனி பிளாஸ்டிக் கவரில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பேனாவால் எழுதியிருந்தது.

“எல்லாம் ஒண்ணுபோல இருக்கேண்ணே?”

“இருக்கும்மா. முனையில வாய்த் தெறப்புத்தான் வேற. ஒண்ணாம் நம்பர் சின்னத் தெறப்பு, பழகுற பிள்ளைங்களுக்கு. நாலாம் நம்பர் பெருசு. மூச்சு உள்ள ஆளு கேக்குறது.”

“எம்புட்டு வித்தியாசம் இருக்கும்?”

“முடியளவு.”

முடியளவுதான். ஆனால் ‘மூச்சு உள்ள ஆளு’ என்று அவர் சொன்னவுடனே என் கை நான்காம் நம்பர் கவர் மேல் போய்விட்டது. அவர் கவனித்திருக்க வேண்டும். “அவசரப்படாதீங்க. நாலையும் கொண்டுட்டுப் போங்க. ஊதிப் பாத்து ஒண்ண வச்சுக்கிட்டு மத்தத சனிக்கிழமைக்குள்ள கொண்டாந்துருங்க” என்றார். ஊர்ப் பெயர் தவிர என்னைப் பற்றி ஒன்றும் தெரியாமல் எப்படி நம்பினார் என்று கேட்டேன். “சிவகாசிக்காரங்க டயத்துக்கு சரக்கு அனுப்பிருவாங்க” என்றார். பாராட்டா கிண்டலா என்று தெரியவில்லை.

கவரிலிருந்து எடுத்தால் எது எது என்று தெரியாமல் போகும். அச்சகத்தில் வெட்டிக் கழித்த ஸ்டிக்கர் லேபிள்கள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கும், நானே வரைந்தவை. புதன்கிழமை காலை அதிலிருந்து நான்கைப் பொறுக்கி, மவுத்பீசின் அடிப்பக்கத்தில், வாய் படாத இடத்தில் ஒட்டினேன். ஒன்றாம் நம்பருக்கு, சின்னப் பிள்ளைகள் கையில் பிடித்துச் சுழற்றும் சாட்டை. இரண்டுக்குச் சக்கரம். மூன்றுக்குப் பூச்சட்டி, மற்ற ஊர்களில் புஸ்வாணம். நான்குக்கு ராக்கெட். எண்களை எழுதி ஒட்டியிருக்கலாம். லேபிள் அழகாக இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவற்றுக்கு அதுதான் பெயர். “ஏட்டி, சக்கரத்த எங்கன வச்ச? அடுப்புக்கிட்ட வைக்காத” என்று அம்மா சொல்வாள். அடுப்புக்குப் பக்கத்தில் எது இருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது.

கல்லூரி படித்தவள், எனவே முறையாகத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தேன். முதலில் செல்போனில் தேடிப் பார்த்தேன். ஒரு வெளிநாட்டுக்காரர் ஒரே பாட்டை வெவ்வேறு மவுத்பீஸில் ஊதிக் காட்டி, இந்த ஒலி இருட்டாக இருக்கிறது, இந்த ஒலி வெளிச்சமாக இருக்கிறது என்றார். ஒலி எப்படி இருட்டாக இருக்கும்? எங்கள் ஊரில் ஒலியும் வெளிச்சமும் ஒன்றாகத்தான் வரும். வெளிச்சம் முந்திக்கொள்ளும், சத்தம் பின்னால் வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எல்லாமே இருட்டாக இருந்தன. திறந்துகொண்டு கேட்டேன். அவருடைய அறை விளக்குதான் தெரிந்தது.

பிறகு நானே ஊதிப் பார்த்தேன். எனக்குப் பிடித்த உருப்படியாக முளைப்பாரிக் கும்மி மெட்டு ஒன்றை வைத்திருந்தேன். கும்மியின் முதல் வரி அடி சுரத்தில் உருண்டு வந்து இரண்டாம் வரியில் சட்டென்று மேலே ஏறும். அந்த ஏற்றத்தில்தான் மவுத்பீசின் குணம் தெரிய வேண்டும்.

ராக்கெட்டில் ஏற்றம் வரும்போது தலை சுற்றியது. கன்னம் வலித்தது. நான்கில் மூன்று தடவை கத்தியது. ஆனால் ஒரு தடவை சரியாக வந்துவிட்டால் அணைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார். அது போதாதா? சாட்டையில் எல்லாம் சுலபமாக வந்தது. சுலபமாக வந்ததாலேயே அது எனக்கு மட்டமாகப் பட்டது. சக்கரமும் பூச்சட்டியும் நடுவில் நின்றன. ஒரு நாள் சக்கரம் நன்றாக இருந்தது. மறுநாள் அதே சக்கரம் தொண்டை கட்டியதுபோல் ஒலித்தது. ரீடு ஈரமாகிவிட்டதா, நான் காலையில் பழைய சோறு சாப்பிட்டதாலா, வெயிலா என்று தெரியவில்லை. ரீடை மாற்றினேன். இப்போது நான்குமே வேறு நான்காகிவிட்டன.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்தேன். அப்பா பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிறவர். அம்மா முன்பு சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள். சரவெடி கூடாது என்று கோர்ட் சொன்னதிலிருந்து சக்கரம் சுற்றுகிறாள். இரண்டு பேரும் குளித்து முடித்து, தலை துவட்டிக்கொண்டே கேட்டார்கள்.

அப்பா ஒவ்வொன்றையும் லேபிளைப் பார்த்துவிட்டுத்தான் ஊதச் சொன்னார். சாட்டைக்கு, “நமுத்த சரக்கு” என்றார். ராக்கெட்டுக்கு, “சர்ருனு போகுது, ஆனா எங்கன விழுகும்னு தெரியல” என்றார். பூச்சட்டிக்குத் தலையை ஆட்டினார். “இதான் தாயி. அடியில நின்னு, மேல எந்திரிச்சு, விரிஞ்சு எரியுது. இதையே வச்சுக்க.”

“போங்க, உங்களுக்கு எல்லாமே பூச்சட்டிதான்” என்றாள் அம்மா. “சக்கரந்தான் நல்லாருக்கு. ஒரே சீரா சுத்துது.”

“உனக்கு மட்டும் என்னவாம்? சக்கரம் சுத்துறவளுக்குச் சக்கரம்.”

“அப்ப நான் என்ன செய்யட்டும்?” என்றேன்.

சுவருக்கு மேல் சித்தியின் தலை தெரிந்தது. “எல்லாம் ஒண்ணுபோலத்தான் கேக்கு. சீக்கிரம் ஒண்ண முடிவு பண்ணு. மாப்பிள பாக்கப் போறப்பவும் இப்பிடித்தான் நிப்ப போல.”

அன்றிரவு படுக்கும்போது ராக்கெட்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை மாஸ்டர் என் கையிலிருப்பதை வாங்கிப் பார்ப்பார். அவருக்குப் பார்த்தாலே தெரியும். பெரிய திறப்பு என்று அவர் கண் சொல்ல வேண்டும். தலை சுற்றினால் சுற்றட்டும். மூன்று உருப்படிதானே.

வெள்ளிக்கிழமை அச்சகத்திலிருந்து திரும்பியபோது அடுப்படியில் எவர்சில்வர் தட்டு ஒன்றில் நான்கு மவுத்பீஸும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பளபளவென்று இருந்தன. நான்கிலும் லேபிள் இல்லை.

பக்கத்தில் சட்டியில் புளித்தண்ணீர். அதில் பூச்சட்டி லேபிளின் பாதி மிதந்துகொண்டிருந்தது. மற்றவை கூழாகியிருந்தன.

“என்னம்மா பண்ணுன?”

“கழுவுனேன்.”

“எதுக்கு?”

அம்மா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து என் மூக்கருகே நீட்டினாள். “மோந்து பாரு. கந்தக வாடை வருதா இல்லையா?”

வந்தது. லேசாக, ஆனால் சந்தேகமில்லாமல். இத்தனை நாள் அதை வாயில் வைத்தும் எனக்குத் தெரியாமல் போயிருந்தது. பிறகு செல்போனில் பார்த்தேன். இந்தக் கருப்புப் பொருள் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சி இறுக்கியது. தேய்த்துச் சூடேறினால் வாடை அடிக்கும். கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு அதெல்லாம் எதற்கு? எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஆபீசிலிருந்து வந்த மருந்துக் கையோடு தண்ணீர் டம்ளரைக்கூடத் தொடக் கூடாது. நான் குழந்தையாக இருந்தபோது ஓடிப் போய் மடியில் விழுந்தால்கூட, “இரு தாயி, மருந்துக் கை” என்று கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொள்வாள். அப்படிக் காப்பாற்றி வளர்த்தவளின் மகள் கந்தகத்தை உதட்டுக்கு நடுவில் வைத்து ஊதுகிறாள்.

“நான் இருவது வருசமா சோத்துல மருந்து விழுந்துறாமத் தின்னுக்கிட்டு இருக்கேன். நீ அதையே வாயில வச்சுக்கிட்டு அலையுற. யாரு உனக்கு இத வித்தது?”

“கொதிக்கிற தண்ணியிலயா போட்ட?”

“கை பொறுக்குற சூடுதான். எனக்குத் தெரியாதா, ரப்பர் மாதிரி இருக்குன்னு?”

அதனால் தப்பித்தன. சூடு அதிகமாக இருந்திருந்தால் நிறம் பழுத்துப்போயிருக்கும். மவுத்பீஸ்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆயிற்று. நான்கும் மறுபடி ஒரே கம்பெனி, ஒரே கருப்பு.

“ராக்கெட் எதும்மா?”

“எனக்கெப்பிடித் தெரியும்? எல்லாம் ஒரே சட்டியிலதான் கெடந்துச்சு.”

செல்போன் டார்ச்சை அடித்து முனைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை. அச்சகத்துக்காரியான எனக்கு ஒரு யோசனை தோன்றியது. லேபிள் அச்சடிக்கும் தாளின் கனம் எனக்குத் தெரியும். ரீடைக் கட்டி, இடுக்கில் தாளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால் எத்தனை தாள் போகிறதோ அதுதான் திறப்பு. இந்த யோசனை வந்தபோது எனக்கு என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. சாப்பிடக்கூட எழவில்லை. தாளை நறுக்கிச் செருகினேன். எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கை போயிற்று. இன்னும் ஒரு தாளைச் செருகியபோது இரண்டில் போயிற்று, இரண்டில் போகவில்லை. மறுபடி செய்தேன். இப்போது போனது வேறு இரண்டு. ரீடு வளைகிறது, தாள் மடங்குகிறது, என் விரல் நடுங்குகிறது. இதில் எதை அளக்க?

அப்பா சாப்பிட்டுவிட்டு வந்து, “பூச்சட்டிய ஊது, கேப்போம்” என்றார். லேபிள் போனது அவருக்குத் தெரியாது. கைக்கு வந்த ஒன்றை மாட்டி, இதுதான் பூச்சட்டி என்று சொல்லி ஊதினேன்.

“பாத்தியா! நின்னு எரியுது.”

கழற்றுவதுபோல் திரும்பி, அதையே மறுபடி மாட்டிக்கொண்டு, இது ராக்கெட் என்றேன். அதே கும்மி.

“ம்ஹூம். சர்ருனு போயிருதுல்லா. பூச்சட்டிக்கு ஆகாது.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். “ஏலே, உங்க காது காதா, லேபிளா?” என்று அப்பாவைக் கேட்டாள். கோபம் வந்தால்தான் அவள் ஏலே போடுவாள், அல்லது ரொம்பச் சந்தோஷமாக இருந்தால். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, ராக்கெட் அணைக்கு அந்தப் பக்கம் கேட்டதும் சாட்டை மட்டமாகப் பட்டதும் நினைவுக்கு வந்தன. லேபிளை வரைந்தவள் நான். ஒட்டியவளும் நான்.

நான்கையும் ஒரு துண்டுக்கு அடியில் போட்டுக் கலைத்தேன். பார்க்காமல் ஒன்றை எடுத்து மாட்டி ஊதினேன். பிறகு இன்னொன்று. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எது நல்லது என்று சொல்ல ஒரு வழி கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னாள்: எதை ஊதும்போது என் கழுத்து நரம்பு புடைக்கவில்லையோ அதுதான்.

“சரி. எதுல பொடைக்கல?”

“நான் கண்ண மூடிக்கிட்டுல்லா கேட்டேன்.”

அந்த நான்கில் ஒன்று மட்டும் வேறாக இருந்தது. கும்மியின் அடி சுரம் நான் நினைப்பதற்கு முன்பே வந்து நின்றது. ஏற்றத்தில் கத்தவில்லை. வரி முடிந்த பிறகும் நெஞ்சில் மூச்சு மிச்சம் இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. மூச்சு மிச்சம் இருக்கிறது என்றால் இது சின்னத் திறப்பாக இருக்குமோ? சாட்டையோ? பயராபீஸ்காரர் மகள் பிள்ளைகள் ஊதும் மவுத்பீஸைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று மாஸ்டர் நினைத்துவிட்டால்? வேலை போனாலும் போகட்டும், அந்தப் பார்வையைத் தாங்க முடியாது. இல்லை, வேலை போகக் கூடாது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளிடம் பிள்ளைகள் ஊதுவது இருந்தால் என்ன? ஆனால் அது சாட்டைதானா? ராக்கெட்டாகவும் இருக்கலாமே, நான் இந்த மூன்று நாளில் பழகிவிட்டிருக்கலாமே. ஒரே மவுத்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பெருமைப்பட்டேன், மறு நிமிடம் கூனிக் குறுகினேன். அது கருப்பாக, ஈரமாக, ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது.

சனிக்கிழமை மற்ற மூன்றையும் மதுரைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மூன்றையும் ஒரு கண்ணாடித் தகட்டின் மீது படுக்க வைத்து, மெல்லிய தகடுகளைச் செருகி அளந்தார். அவர் முகம் சுருங்கியது. திருப்பி வைத்து மறுபடி அளந்தார்.

“கவர் ஏதும் மாத்திப் போட்டுட்டீங்களா?”

நடந்ததைச் சொன்னேன். புளித்தண்ணீரைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. “அது இல்லம்மா. இதுல ரெண்டு ஒரே அளவு காட்டுது. நான் கவர்ல போட்ட நம்பரே ஒதைக்குது. நீங்க வர்றதுக்கு மொத நாளு ஒரு பார்ட்டி வந்து டப்பாவுல இருந்த எல்லாத்தையும் எடுத்து ஊதிப் பாத்தாரு. திரும்ப மாத்திப் போட்டுட்டாரு போல. நீங்க கொண்டுபோன அன்னைக்கே நாலாம் நம்பர் நாலாம் நம்பரான்னு எனக்குத் தெரியல.”

நின்றபடியே யோசித்துப் பார்த்தேன். அப்படியானால் தலை சுற்ற ஊதியது ராக்கெட்டே இல்லையா? மட்டம் என்று ஒதுக்கிய சாட்டைதான் பெரியதா? அல்லது எல்லாம் சரியாகவே இருந்து இவர்தான் இப்போது தவறாக அளக்கிறாரா?

“நீங்க வச்சுக்கிட்டதையும் குடுங்க. அளந்து சொல்லிர்றேன். ஒரு நிமிசம்.”

அது என் பையில் கைக்குட்டையில் சுற்றி இருந்தது. கை உள்ளே போயிற்று. கைக்குட்டையைத் தொட்டது.

“வேண்டாம்ணே, இருக்கட்டும்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். விருதுநகர் தாண்டியும் பிடிபடவில்லை. இப்போதும் சரியாகத் தெரியாது.

திங்கட்கிழமை பள்ளியின் சங்கீத அறையில் தலைமையாசிரியை நாற்காலியில் இருந்தார். மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மார்ச் ஊதினேன், ஓரிடத்தில் விரல் தடுமாறியது. பிரார்த்தனை ஊதினேன். கும்மி ஊதினேன். ஏற்றத்தில் கத்தவில்லை. முடித்துவிட்டுப் பழக்கதோஷத்தில் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தேன்.

“என்ன மவுத்பீஸு?” என்றார்.

“தெரியல சார்.”

“தெரியாமயா ஊதுன?”

“ஆமா சார்.”

கையை நீட்டினார். கழற்றிக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெளிச்சத்தில் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சின்னத் தெறப்பு மாதிரி இருக்கு” என்றார். என் காது சூடானது. இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். “இல்லையே” என்றார். வேட்டியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு தலைமையாசிரியையிடம் திரும்பி, “மூச்சு நிக்குது டீச்சர். நான் எட்டாப்புலயே சொன்னேன், இந்தப் பிள்ளைக்கு மூச்சு நிக்கும்னு” என்றார்.

அவர் முகத்தில் கிண்டல் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் அவருக்கு நினைவிருக்கிறதா? இத்தனை வருடம் நான் நெஞ்சில் வைத்திருந்த வாக்கியத்தை அவர் என்றைக்கோ இறக்கி வைத்துவிட்டு, அதன் இடத்தில் வேறொன்றை வைத்துக்கொண்டாரா? அவரைத் திருத்த வேண்டும் என்று இருந்தது. அவர் சொன்னதையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது.

“நாங்க கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்மா” என்றார் தலைமையாசிரியை.

கிளம்பும்போது சுவர் அலமாரியில் பள்ளியில் நான் ஊதிய பழைய கிளாரினெட்டும் இன்னும் சிலவும் தெரிந்தன. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா. திறந்து பார்த்தேன். பள்ளியின் மவுத்பீஸ்கள் அத்தனையும் அதற்குள் ஒன்றாகக் கிடந்தன. எச்சில் காய்ந்து வெள்ளை பூத்து, எது எந்தக் கிளாரினெட்டுக்கு உரியது என்று குறி எதுவும் இல்லாமல் இருந்தன.

“இது எந்த வாத்தியத்துக்கு சார்?”

“எதுல பொருந்துதோ அதுக்கு” என்றார் மாஸ்டர்.

“கழுவிக் கொண்டாரட்டுமா டீச்சர்?”

அவர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வேண்டாம் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இன்னும் சொல்லி அனுப்பவில்லை. அச்சகத்தில் தீபாவளி ஆர்டர் தொடங்கிவிட்டதால் போனைப் பார்க்கக்கூட நேரமில்லை என்று மற்றவர்களிடம் சொல்கிறேன். மணிக்கு ஒரு தடவை பார்க்கிறேன். நேற்று அம்மா ஆபீசிலிருந்து வந்து, குளித்து, டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“கந்தகமாம்மா?”

“கந்தகம் தேவல. எந்த ஊர்ப் பிள்ளைக வாய்நாத்தம்டி இது? வேல குடுத்துட்டாகளா உனக்கு?”

“இன்னும் இல்ல.”

“பெறகு எதுக்கு இத அள்ளிக்கிட்டு வந்த?”

அவள் புளியை ஊற வைத்தாள். நான் சட்டியில் கையை விட்டு, சூடு பொறுக்கிறதா என்று பார்த்துவிட்டு, முதல் மவுத்பீஸை உள்ளே போட்டேன்.